வஞ்சிரம் தேடினால் வவ்வால் வந்து நிற்கிறதா? அஜாக்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காசிமேட்டில் மீன் எடுத்து விற்கும் ஒரு அக்காவுக்கு விலைப் பக்கம் ஒன்று செய்து கொடுத்தேன். தேடல் பெட்டியில் மீன் பெயரைத் தட்டினால், பக்கம் மறுபடி லோடு ஆகாமல் கீழே விலை மட்டும் மாறும். இந்த வித்தைக்குத்தான் அஜாக்ஸ் என்று பெயர். மூன்றாம் நாள் விடியற்காலை போன். “இன்னா தம்பி, வஞ்சிரம்னு முழுசா தட்டிட்டேன், வவ்வா ரேட்டு மேல வந்து நிக்குது. பார்ட்டி லைன்ல இருக்காரு, நான் எதச் சொல்றது?”

தண்டையார்பேட்டையில் என் வீட்டு வைஃபையில் எத்தனை தடவை தட்டியும் சரியாகத்தான் வந்தது. ஏல நேரத்தில் நேரில் போய், சிக்னல் திணறும் அந்தக் கூட்டத்துக்கு நடுவே, அவர் போனிலேயே தட்டிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது.

ஒவ்வொரு எழுத்துக்கும், விலைகளை வைத்திருக்கும் சர்வருக்கு ஒரு ரிக்வஸ்ட், அதாவது ‘இதைக் கொடு’ என்ற கேள்வி, போகிறது. ‘வ’ என்றதும் முதல் ரிக்வஸ்ட். அதற்கு வரும் பதில் வவ்வால், வஞ்சிரம், வாளை, விலாங்கு என்று நீளமான பட்டியல். முழுப் பெயரையும் தட்டியதும் கடைசி ரிக்வஸ்ட். அதற்கு ஒரே ஒரு வரிதான் பதில், சட்டென்று வந்துவிடும். பின்னாலேயே, மெதுவாக, ‘வ’வுக்கான பட்டியல் வந்து சேர்ந்து சரியான விலையை அழித்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முதலில் கிளம்பிய வண்டி கேட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கும், பத்து நிமிஷம் கழித்து வேறு வழியாகக் கிளம்பியவன் போய்ச் சேர்ந்திருப்பான். அனுப்பிய வரிசையில் பதில் வரும் என்று எண்ணியதுதான் நான் செய்த தப்பு. அஜாக்ஸில் பாதி வம்பு இந்த எண்ணத்தில்தான் தொடங்குகிறது.

இதற்குப் பலரும் சொல்லும் மருந்து, தட்டுவதை நிறுத்தி 300 மில்லி செகண்ட் ஆனபின் ரிக்வஸ்ட் அனுப்புவது. டிபௌன்ஸ் என்பார்கள். நல்ல பழக்கம், சர்வருக்கும் பாரம் குறையும். ஆனால் நோய் தீராது. இரண்டு ரிக்வஸ்டுகள் போய்விட்டால் பழைய கதைதான். ஒவ்வொரு ரிக்வஸ்டுக்கும் ஒரு டோக்கன் நம்பர் கொடுங்கள். பதில் வந்ததும் அது கடைசி நம்பருக்கானதா என்று பாருங்கள், இல்லையென்றால் தூக்கிப் போடுங்கள். அல்லது பிரவுசரிலேயே இருக்கும் ‘அபார்ட் கன்ட்ரோலர்’ என்ற நிறுத்தும் கருவியை வைத்து முந்தைய ரிக்வஸ்டை ரத்து செய்யுங்கள். ரத்து செய்ததும், நிரலில் பிழைகளைப் பிடிக்கும் ‘கேட்ச்’ பகுதிக்கு ஒரு பிழை வரும். அது நீங்களே வரவழைத்தது, அதற்குப் போய் “ஏதோ கோளாறு” என்று சிவப்பில் காட்டாதீர்கள்.

தமிழில் தட்டும்போது இன்னொரு சிக்கல் உண்டு. ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக மாறும் கீபோர்டில், சொல் முடிவதற்குள் அரைகுறை எழுத்துகளுக்கெல்லாம், பெட்டியில் எழுத்து மாறியது என்று சொல்லும் ‘இன்புட்’ நிகழ்வு கிளம்பும். கணினியில், சொல் முடிந்தது என்று சொல்லும் ‘கம்போசிஷன் எண்ட்’ வரும்வரை காத்திருக்கலாம். போன் கீபோர்டுகள் சிலவற்றில் ஸ்பேஸ் தட்டும்வரை அது வராது என்பதால், அங்கே அந்த 300 மில்லி செகண்ட் காத்திருப்பே மேல். தேடும் சொல்லை வெறுமனே முகவரியோடு ஒட்டுவதும் தவறு. தமிழ் எழுத்தை பிரவுசரே மாற்றிக்கொள்ளும். முகவரியில் ஒரு தகவலையும் அடுத்த தகவலையும் பிரிக்கும் குறி ஒன்று உண்டு, சிக்கல் அதில்தான். கவிழ்ப்பது ‘&’ தான். “வவ்வால் & இறால்” என்று தட்டினால் சர்வருக்கு வவ்வால் மட்டும்தான் போய்ச் சேரும். முகவரியைச் சரியாகக் கட்டித் தரும் ‘யூஆர்எல் சர்ச் பாராம்ஸ்’ கையில் கொடுத்துவிட்டால் அது பார்த்துக்கொள்ளும்.

இந்த வித்தை புதிதல்ல. மைக்ரோசாஃப்ட் 1999இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5உடன் இதற்கான கருவியைக் கொடுத்துவிட்டது. வலை வடிவமைப்பாளர் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் 2005 பிப்ரவரியில் அஜாக்ஸ் என்று பெயர் சூட்டினார். பெயரின் கடைசியில் நிற்பது எக்ஸ்எம்எல், தகவலை அடுக்கி அனுப்பும் ஒரு வடிவம். அதை இன்று பெரும்பாலும் யாரும் அனுப்புவதில்லை, அதைவிட எளிய ஜேசன் வடிவம்தான். பழைய கருவியின் இடத்தில் ‘ஃபெட்ச்’ வந்துவிட்டது.

ஃபெட்ச் பார்க்கச் சாதுவாகத்தான் இருக்கும். சர்வர் 404 (கேட்டது இல்லை) சொன்னாலும் 500 (எனக்கே கோளாறு) சொன்னாலும் அதன் கணக்கில் வேலை முடிந்தது, ‘கேட்ச்’ பக்கம் எட்டிப் பார்க்காது. நெட்வொர்க் அறுவது, நாமே ரத்து செய்வது மாதிரி, பதிலே கைக்கு வராதபோதுதான் அங்கே போகும். பதிலின் ‘ஓகே’ பண்பை நாமேதான் சோதிக்க வேண்டும். சோதிக்காமல் ஜேசனாகப் பிரித்தால், சர்வர் அனுப்பிய பிழைப் பக்கத்தின் முதல் ‘<’ குறியில் இடறி, சம்பந்தமில்லாத ஒரு பிழையைக் காட்டும். அதைத் துரத்தி ஒரு ராத்திரி முழுக்க நான் விழித்திருக்கிறேன். இவ்வளவு நேரத்தில் பதில் வராவிட்டால் விட்டுவிடு என்ற கெடுவும் ஃபெட்ச்சுக்கு நாம்தான் வைக்க வேண்டும். ‘அபார்ட் சிக்னல் டைம்அவுட்’ அதற்குத்தான்.

விலை பார்ப்பதில் தவறினால் திட்டோடு போகும், ஆர்டரில் தவறினால் காசு போகும். ஆர்டர் போடுபவர் பட்டனைத் தட்டுகிறார், சிக்னல் இல்லை, சக்கரம் சுற்றுகிறது, மறுபடி தட்டுகிறார். பதில் வரவில்லை என்றால் ரிக்வஸ்ட் போகவில்லை என்று அர்த்தமில்லை. ஆர்டர் பதிவாகி, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். ஒரு கூடை இறால் இரண்டு கூடையாகிவிடும். பட்டனை முடக்குவது பாதித் தீர்வுதான். ஆர்டர் படிவம் திறக்கும்போதே ஒரு தனி எண் உருவாக்கி, எத்தனை முறை அனுப்பினாலும் அதே எண்ணோடு அனுப்புங்கள். ஏற்கெனவே பார்த்த எண் என்றால் சர்வர் புது ஆர்டர் போடாமல் பழைய பதிலையே திருப்பித் தரட்டும்.

அழிக்கும், மாற்றும் வேலைகளை, எடுத்துப் பார்க்க மட்டுமே ஆன ‘கெட்’ முறையில் வைக்காதீர்கள். சாதாரண லிங்க் எல்லாம் ‘கெட்’தான். 2005இல் கூகுள் வெளியிட்ட வெப் ஆக்சிலரேட்டர், வேகத்துக்காக வலைப்பக்கத்திலிருந்த லிங்குகளை முன்கூட்டியே எடுத்து வைக்கும். ‘டெலீட்’டை வெறும் லிங்காக வைத்திருந்த தளங்களில் யாரும் தட்டாமலே பதிவுகள் அழிந்தன.

வந்த பதிலை, பக்கத்தின் நிரலாகவே எடுத்துக்கொள்ளும் ‘இன்னர் ஹெச்டிஎம்எல்’லில் அப்படியே கொட்டுவதும் இதே ரகம். அதில் யாரோ தட்டிய கமென்ட் இருந்தால் அவர் அதில் ஒளித்த ஸ்கிரிப்ட் (நிரல்) உங்கள் பக்கத்தில் ஓடக்கூடும். மைஸ்பேஸ் என்ற சமூக வலைதளத்தில் 2005 அக்டோபரில் ஒருவர் தன் சுயவிவரப் பக்கத்தில் ஒளித்த ஸ்கிரிப்ட், பார்க்க வந்தவர்களின் பக்கத்திலெல்லாம் அஜாக்ஸ் வழியாகத் தானே ஒட்டிக்கொண்டு, ஒரே நாளுக்குள் பத்து லட்சம் பேரைத் தாண்டியது. வெறும் எழுத்துக்கு ‘டெக்ஸ்ட் கன்டென்ட்’ போதும்.

வேறொரு தளத்துச் சர்வரின் பதிலைப் படிக்க விடாமல் பிரவுசர் தடுப்பதுதான் கார்ஸ் பிழை. அது வந்தால் பிரவுசரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். அனுமதி தர வேண்டியது எதிர்ப்பக்கத்துச் சர்வர். ‘நோ-கார்ஸ்’ போட்டால் பிழை மறையும், பதிலையும் படிக்க முடியாது.

கடைசியாக, தானாகப் புதுப்பிக்கும் விலை. இரண்டு செகண்டுக்கு ஒரு முறை என்று ‘செட் இன்டர்வல்’ வைத்திருந்தேன். பதில் வரவே ஐந்து செகண்ட் ஆகும் இடத்தில் ரிக்வஸ்டுகள் ஏலக்கூடைகள் மாதிரி குவிந்துவிட்டன. இப்போது ஒரு பதில் வந்து முடிந்தபிறகுதான் அடுத்ததற்கு நேரம் குறிக்கிறேன். அக்கா திரையை அணைத்துப் போனை மடியில் போட்டுவிட்டால், சர்வரிடம் விலை கேட்பதையும் நிறுத்திவிடுகிறேன்.

இன்னொரு குறையை அக்காதான் கண்டுபிடித்தார். நெட் போய்விட்டால் பழைய விலை அப்படியே நிற்கும், புதிது போலவே. மீன் வரத்து அதிகமான நாளில் அரைமணி நேரத்தில் விலை சரிந்திருக்கும். “இது எத்தினி மணி ரேட்டுன்னு போடு தம்பி, மீதிய நான் பாத்துக்கறேன்” என்றார். விலைக்குக் கீழே “4:50 நிலவரம்” என்று சின்னதாக ஒரு வரி சேர்த்தேன். பதில் வராவிட்டால் அந்த வரி சிவப்பாகும். இப்போதெல்லாம் அவர் முதலில் பார்ப்பது அந்த நேரத்தைத்தான்.