உள்ளேன் ஐயா: ஐயாயிரம் ரூபாய்க்குள் அண்ணனின் நாற்பதாவது பிறந்தநாள்

எங்கள் வீட்டில் பிறந்தநாள் என்பது சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். ஐந்தாம் வகுப்பு வரை புதுத் துணி, வகுப்பில் கொடுக்க ஒரு டப்பா ஆரஞ்சு மிட்டாய், சாயந்திரம் கோயில். அதற்கு அப்புறம் அறுபதாம் கல்யாணம் வரைக்கும் ஒன்றும் கிடையாது. நடுவில் ஐம்பது வருடம் ஒரு மனுஷன் பிறந்ததையே யாரும் கண்டுகொள்வதில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. அண்ணனுக்கு இந்த பிப்ரவரியில் நாற்பது. மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், 24 பேரைக் கூப்பிட்டு, ஐயாயிரம் ரூபாய்க்குள் பள்ளிக்கூடம் என்ற தீமில் அதைக் கொண்டாடினோம். எப்படிச் செய்தோம் என்று முழுதாகச் சொல்கிறேன்.

முதலில் தீம். இரண்டு வருடத்துக்கு முன்னால் மே மாதத்தில் ஒரு தோழிக்குப் பிறந்தநாள் வைத்தபோது, கறுப்பும் தங்க நிறமுமாக ஒரு அலங்காரப் பெட்டியை ஆன்லைனில் 1,850 ரூபாய்க்கு வாங்கினேன். மாடிச் சூட்டில் பாதி பலூன் நாலு மணிக்கே வெடித்துவிட்டது. மீதி இருந்ததும் யார் வீட்டு விழாவுக்கும் பொருந்துகிற மாதிரிதான் இருந்தது, அவளுக்கென்று அதில் எதுவும் இல்லை. தீமைக் கடையில் தேடக் கூடாது, அந்த ஆளின் வாழ்க்கையில் தேட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அப்படித் தேடினால் செலவும் தானாகக் குறைகிறது. நம்மில் முக்கால்வாசிப் பேருக்குச் சந்தோஷமான காலம் என்பது கையில் காசில்லாத காலம்தான். அந்தக் காலத்துப் பொருளெல்லாம் இன்றைக்கும் மலிவாகவே கிடைக்கிறது.

தேடுவதற்கு எனக்கு உதவியது ஒரே கேள்வி. பிறந்தநாள்காரரின் அம்மாவிடமோ பழைய நண்பரிடமோ, “பத்து வயசில் இவர் கையில் எப்போதும் என்ன இருக்கும்?” என்று கேளுங்கள். அம்மா யோசிக்கவே இல்லை. “பம்பரம்தான். டவுசர் பையே கிழிஞ்சு போகும்” என்றார். அதிலிருந்துதான் பள்ளிக்கூடம் என்ற தீம் பிறந்தது. போன வருடம் சித்திக்கு இதே கேள்வியைக் கேட்டபோது ரேடியோ என்று பதில் வந்தது. தென் மாவட்டங்களில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறை அவர். சொந்தக்காரர்கள் எல்லாரையும் அறிவிப்பாளர் மாதிரி பேசி வாட்ஸப்பில் வாழ்த்து அனுப்பச் சொன்னோம். நடுநடுவே அவருக்குப் பிடித்த பாட்டுகளைச் சேர்த்து நேயர் விருப்பம் மாதிரி ஒலிபரப்பினோம். டீயும் பஜ்ஜியும் மட்டும்தான் செலவு.

தீம் முடிவானதும் நேரத்தைக் குறியுங்கள். பட்ஜெட்டைக் காப்பாற்றுவது நேரம்தான். மதியம் என்றால் பிரியாணி இல்லாமல் முடியாது. பார்சல் பிரியாணி ஆளுக்கு 250 ரூபாய் வைத்தாலே 24 பேருக்கு ஆறாயிரம். நாங்கள் சனிக்கிழமை மாலை 5 முதல் 8 என்று வைத்தோம். பிப்ரவரியில் மதுரை மாடியில் மழை பயமும் இல்லை, வெயிலும் இறங்கிவிடும்.

அழைப்பிதழுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. கோடு போட்ட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, நீல மையில் லீவு லெட்டர் எழுதிப் படம் எடுத்து அனுப்பினேன்: “எங்கள் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு நாற்பது வயது நிறைவதால், வரும் சனிக்கிழமை மாலை வீட்டு வேலை, ஆபீஸ் வேலை, செல்போன் ஆகியவற்றிலிருந்து தங்களுக்கு விடுப்பு அளிக்கப்படுகிறது.” கீழே மூன்று நிபந்தனைகள். ஆண்கள் வெள்ளைச் சட்டை, பெண்கள் ரிப்பன் வைத்த இரட்டைச் சடை. யாரும் புதிதாக எதுவும் வாங்கக் கூடாது. எல்லாரும் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸில் வீட்டில் செய்த ஏதாவது ஒன்றைக் கொண்டுவர வேண்டும்.

அந்த மூன்றாவது நிபந்தனையில்தான் பாதிச் செலவு மிச்சம். “ஆளுக்கு ஒன்று சமைத்துக் கொண்டு வாருங்கள்” என்று நேராகக் கேட்டால் நம் ஊரில் கொஞ்சம் சங்கடப்படுவார்கள். கூப்பிட்டுவிட்டுச் சாப்பாடு போடாத வீடு என்று பேராகிவிடும். டிபன் பாக்ஸ் என்று சொன்னதும் அது விளையாட்டாகிவிட்டது. நாங்கள் எலுமிச்சை சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல் மூன்றையும் எல்லாருக்கும் போதுமான அளவு செய்துவிட்டோம். அந்தப் பொறுப்பை விருந்தாளி தலையில் போடக் கூடாது. மீதி எல்லாம் டப்பாக்களில் வந்தது. ஜமக்காளத்தில் வட்டமாக உட்கார்ந்து, மணி அடித்ததும் மூடிகளைத் திறந்தோம். ஒருவர் டப்பாவில் புளியோதரை, இன்னொன்றில் முட்டைப் பொரியல், ஒரு அண்ணன் மட்டும் நாலு இட்லியில் நல்லெண்ணெய்ப் பொடி தடவிக் கொண்டுவந்து யாருக்கும் தர மாட்டேன் என்று மறைத்து வைத்தார். பேப்பர் தட்டு வாங்கும் செலவும் இல்லை, மறுநாள் அள்ளிப் போடக் குப்பையும் இல்லை.

இனி பெட்டிக்கடை. பள்ளிக்கூடம் என்றால் வாசலில் ஒரு கடை இருந்தே ஆக வேண்டும். பழைய மேஜை ஒன்றின் மேல் சாக்கை விரித்து, வீட்டில் இருந்த ஹார்லிக்ஸ் பாட்டில்களைக் கழுவி வரிசையாக வைத்தோம். கீழமாசி வீதிப் பக்கம் மொத்தக் கடைகளில் தேன் மிட்டாய், கமர்கட், புளிப்பு மிட்டாய், சூட மிட்டாய், சீரக மிட்டாய், இலந்தை வடை எல்லாம் பாக்கெட்டாக வாங்கினால் 520 ரூபாய்க்குள் முடிகிறது. இதில் கோவில்பட்டி கடலை மிட்டாயும் அடக்கம். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய் அது. விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் அந்த ருசிக்கு மாற்று கிடையாது. பக்கத்தில் முறத்தில் நெல்லிக்காய், கீறிய கொய்யா, அவித்த பனங்கிழங்கு, கடலை, ஒரு கிண்ணத்தில் உப்பும் மிளகாய்த்தூளும். பருவத்தில் கிடைப்பதை மட்டும் வாங்குங்கள். பிப்ரவரியில் மாங்காய் தேடிப் போனால் விலை கையைக் கடிக்கும்.

கோலி சோடாவுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். 24 பாட்டில் 480 ரூபாய், பாட்டிலுக்குத் தனியாக முன்பணம். 1872இல் இங்கிலாந்தில் ஹிராம் காட் என்பவர் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது. உள்ளே இருக்கும் வாயுவே கோலியைத் தள்ளி வாயை அடைத்து வைத்திருக்கும். கட்டை விரலால் அழுத்தித் திறந்த பிறகு, கழுத்தில் இருக்கும் பள்ளத்தில் கோலி சிக்குகிற மாதிரி சாய்த்துக் குடிக்க வேண்டும். இது மறந்துபோய் நாலு பேர் சட்டையை நனைத்துக்கொண்டார்கள். சின்னப் பிள்ளைகள் வந்தால் மட்டும் பாட்டிலை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள், டம்ளரில் ஊற்றிக் கொடுங்கள்.

அலங்காரம் என்று தனியாக எதுவும் இல்லை. சுவரில் கறுப்பு சார்ட் ஒட்டி, சாக்பீஸால் தேதி, பாடம், “வருகை 24, பதிவு 24” என்று எழுதினோம். கொஞ்சம் வண்ணக் காகிதத் தோரணம். ரேடியோ செட் கடையில் சீரியல் பல்பு வாடகை 200 ரூபாய். பள்ளி மணிக்கு, அம்மாவின் பழைய இரும்பு தோசைக்கல்லைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, கரண்டிக் காம்பால் தட்டினோம். சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்டது.

இந்த விழாவின் உயிர் வருகைப் பதிவேடுதான். அதற்கு மட்டும் நான் ஒரு வாரம் உழைத்தேன். வருகிற ஒவ்வொருவரின் பள்ளிக்கால இனிஷியல், பட்டப்பெயர், வீட்டுச் செல்லப்பெயர் எல்லாவற்றையும் அவரவர் அம்மா, அக்காவிடம் ரகசியமாகக் கேட்டு நீள நோட்டில் எழுதி வைத்தேன். அண்ணனுக்கு எட்டாம் வகுப்பில் கணக்கு எடுத்த சார் ஓய்வு பெற்று எங்கள் பகுதியிலேயே இருக்கிறார். நேரில் போய் விஷயத்தைச் சொல்லி, பேர் வாசித்தால் போதும் என்று கேட்டேன். அவர் பழைய மூக்குக் கண்ணாடியையும் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். பட்டப்பெயர்களுக்கு எல்லாரும் சிரித்துக் கொண்டிருந்தார்கள். அண்ணன் பேரை அவர் இனிஷியலோடு வாசித்ததும், மாடியே அமைதியானது. அண்ணன் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு “உள்ளேன் ஐயா” என்றான், குரல் சரியாக வரவில்லை. சாருக்கு ஒரு துண்டு போர்த்தினோம், 150 ரூபாய். இப்படி ஒரு ஆளைக் கூட்டிவர முடிந்தால், வேறு எதைக் குறைத்தாலும் பரவாயில்லை.

விளையாட்டுக்குப் பம்பரமும் கோலிக்குண்டும் போதும். நாற்பது தாண்டியவர்களுக்கு முட்டி வலி இருக்கும், அதனால் உட்கார்ந்து ஆடும் ஆட்டம் ஒன்றாவது வேண்டும். எங்களுக்கு அது ராஜா ராணி. துண்டுச் சீட்டில் ராஜா 1000, ராணி 800, மந்திரி 500, போலீஸ் 100, திருடன் 0 என்று எழுதி மடித்துக் குலுக்கிப் போடுங்கள். போலீஸ் சீட்டு வந்தவர் மட்டும் தன்னைக் காட்டிக்கொண்டு திருடனைக் கண்டுபிடிக்க வேண்டும். தப்பாகச் சொன்னால் அந்த 100 திருடனுக்குப் போய்விடும். இது எங்கள் தெருக் கணக்கு, உங்கள் ஊரில் வேறாக இருக்கலாம். ஐந்தைந்து பேராகப் பிரித்து உட்கார வைத்தால் முக்கால் மணி நேரம் போவதே தெரியாது. ஜெயித்தவர்களுக்கு எவர்சில்வர் டம்ளர், விளையாட்டு விழாவில் அப்போது கொடுத்த அதே மாதிரி.

கேக் வாங்கவில்லை. ஆளுக்கொரு க்ரீம் பன், அண்ணன் பன்னில் மட்டும் ஒரு மெழுகுவர்த்தி. ஏழரைக்கு ஐஸ் வண்டிக்காரர் வாசலில் வந்து மணி அடிக்கும்படி முன்கூட்டியே பேசி வைத்திருந்தேன். சேமியா ஐஸ், பால் ஐஸ் என்று 35 எண்ணத்துக்கு 350 ரூபாய். வெள்ளைச் சட்டைக்காரர்கள் எல்லாரும் மாடிப்படியில் ஓடி இறங்கினார்கள்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மிட்டாய் 520, சோடா 480, சமையல் 1,150, பன் 375, ஐஸ் 350, பழம் கிழங்கு கடலை 420, சார்ட், தோரணம், ரிப்பன் 230, டம்ளர் 360, பல்பு வாடகை 200, பம்பரம் கோலி 240, துண்டு 150. ஆக 4,475. இரண்டு சோடா பாட்டில் உடைந்ததற்கு முன்பணத்தில் 60 ரூபாய் போனது. அதையும் சேர்த்து 4,535.

மிச்சம் 465 ரூபாயை ஒரு உறையில் போட்டு வைத்திருக்கிறேன். ஜூலையில் மதினிக்குப் பிறந்தநாள். கல்யாணத்துக்கு முன்னால் அண்ணனுக்கு வாரம் ஒரு கடிதம் எழுதியவர் அவர். நேற்று தபால் ஆபீஸில் முப்பது இன்லேண்டு லெட்டர் வாங்கி, அதே உறைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.