முதியோருக்கான மின் ஸ்கூட்டர்: உறுப்புகளை அறிந்து ஓட்டுவது எப்படி?

நடக்கச் சிரமப்படுவோருக்கான மின் ஸ்கூட்டரில் ஏறி அமர்ந்ததும், சாவியைத் திருப்புவதற்கு முன், கைப்பிடித் தண்டை நன்கு பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஒரு பக்க விசைப்பிடியை அழுத்தினால் வண்டி முன்னே செல்லும். மறுபக்கத்தை அழுத்தினால் பின்னே வரும். நடுவிலுள்ள திருகுக் குமிழ் வேக வரம்பை நிர்ணயிப்பதால், சந்தைக் கூட்டத்தில் அதைக் குறைத்தே வையுங்கள்.

மொபெட் ஓட்டிப் பழகியவர்கள் பிரேக்கைத் தேடி விரலை நீட்டுவார்கள். இங்கோ விசைப்பிடியை விடுவதே பிரேக். மோட்டாரோடு இணைந்த மின்காந்த பிரேக், மின்சாரம் பாயும்போது மட்டுமே விடுபட்டு, அது நின்றதும் சுருள்வில்லின் அழுத்தத்தால் இறுகிக்கொள்வதால், பேட்டரி தீர்ந்துபோனாலும் வண்டி சரிவில் உருளாது.

ஆனால் பின்சக்கரத்தருகே, வண்டியைக் கையால் தள்ளுவதற்கென்று ஒரு சிறு நெம்புகோல் உண்டு. அதைத் திருப்பினால் இந்தப் பிரேக் முற்றிலும் விடுபட்டுவிடும். கிருஷ்ணகிரியில், மலையடிவாரத்துச் சரிவான தெரு ஒன்றில், எங்கள் மாமா அதைத் திருப்பிவிட்டுச் செருப்பை மாட்டக் குனிந்தார்; வண்டி தானாக இறங்கிச் சாக்கடை ஓரக் கல்லில் மோதி நின்றது. சமதளத்தில் மட்டுமே, இருக்கையில் ஆள் இல்லாதபோதே அதைத் தொடுங்கள்.

இருக்கையின் அடியில் பொதுவாக 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. ஈய அமில வகையானால், ஓட்டிய அன்றிரவே சார்ஜ் ஏற்றிவிடுங்கள். தீர்ந்த நிலையில் நாள்கணக்கில் விட்டால் அதன் ஆயுள் குறையும்.