ஆங்கில உச்சரிப்பு: எதைத் திருத்துவது, எதை விட்டுவிடுவது

உயர்நிலை வகுப்பு மாணவரின் ஆங்கிலப் பாடநூலைப் புரட்டினால், வரிகளுக்கு மேலே பென்சிலில் தமிழ் எழுத்துகள் தெரியும். பல பிழைகள் அங்கேதான் வேர் பிடிக்கின்றன. உடுத்தும் கோட்டும் 'கோட்', மேயும் ஆடும் 'கோட்'. ஊசியும் 'பின்', குப்பைத்தொட்டியும் 'பின்'. அப்படி எழுதிப் படிப்பதை முதலில் நிறுத்துங்கள். (இந்தக் குறிப்புக்கும் அதே சிக்கல்தான்; அதனால் சொற்களைப் பொருளோடு சேர்த்தே சொல்கிறோம்.)

தமிழில் ஓர் எழுத்து எங்கே வருகிறது என்பதே அதன் ஒலியை முடிவு செய்கிறது. 'கல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் ககரம் வேறு வேறாக ஒலிப்பதை நாம் கவனிப்பதுகூட இல்லை. ஆங்கிலத்தில் அந்த வேறுபாடு பொருளையே மாற்றிவிடும்.

ஆகவே காதிலிருந்து தொடங்குங்கள். மாணவருக்குப் பின்னால் நின்று, இரண்டு 'கோட்'களையும் கலந்து 10 முறை சொல்லுங்கள். உடைக்கு ஒரு விரல், ஆட்டுக்கு இரண்டு விரல் காட்டட்டும். பத்தில் எட்டு முறையாவது சரியாக வரும்வரை வாய்ப்பயிற்சி வேண்டாம்.

அடுத்து மெல்லிய காகிதத் துண்டு. வாய்க்கு முன்னே நான்கு விரற்கடை தூரத்தில் பிடித்து, ஊசியைச் சொன்னால் காகிதம் படபடக்க வேண்டும். குப்பைத்தொட்டிக்கு அசையவே கூடாது. நம் 'ப'வில் அந்த மூச்சு இல்லாததால்தான் ஊசி கேட்பவருக்குக் குப்பைத்தொட்டி ஆகிவிடுகிறது. 'ஸ்பின்' போல முன்னால் 'ஸ்' வந்தால் மூச்சு தேவையில்லை.

விலையும் 'பிரைஸ்', பரிசும் 'பிரைஸ்'. பரிசை 'பிரைஜ்' என்பவர்களும் உண்டு. தொண்டையில் விரல் வைத்து 'ஸ்ஸ்ஸ்' என்று 3 விநாடி இழுத்து, நாக்கை அசைக்காமல் குரலை மட்டும் சேர்க்கச் சொல்லுங்கள். தேனீ ரீங்காரம் போல விரலில் அதிர்வு வந்தால் அதுதான் பரிசின் கடைசி ஒலி.

மேற்குத் திசைக்கும் பனியனுக்கும் 'வெஸ்ட்'தான். இதற்குக் கண்ணாடி போதும்: பனியனுக்கு மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும், மேற்குக்குப் பல் படாமல் உதடு குவிய வேண்டும்.

'புக்கு', 'பஸ்ஸு' என்று உகரம் ஒட்டிக்கொண்டால், உயிரொலியில் தொடங்கும் சொல்லை அடுத்து வைத்து ஒரே மூச்சில் சொல்ல வையுங்கள்: 'புக் ஆன்', 'பஸ் இன்'. முட்டை 'யெக்' ஆகிறதா? காலைக் குறிக்கும் 'லெக்'கைச் சொல்லவிட்டு, முதல் ஒலியை மட்டும் கழிக்கச் சொல்லுங்கள்.

இறந்தகால வினையில் 'வாக்கெட்' என்பது எழுத்தைப் பார்த்துப் படிப்பதால் வரும் பிழை. வினையின் கடைசி ஒலி டகரமாக இருந்தால் மட்டுமே கூடுதல் அசை: 'வான்ட்டிட்', 'நீடிட்'. மற்றவற்றில் இல்லை: 'வாக்ட்', 'பிளேய்ட்'.

இவை எல்லாவற்றையும்விட அழுத்தம் முக்கியம். வகுப்பறையில் அதிகம் கவனிக்கப்படாததும் அதுவே. 'ஃபோட்டோகிராஃப்' முதல் அசையில், 'ஃபட்டாக்ரஃபர்' இரண்டாவதில், 'ஃபோட்டகிராஃபிக்' மூன்றாவதில் அழுத்தம் பெறும். அந்த அசைக்கு மட்டும் கைதட்டி, மற்றவற்றைச் சுருக்கிச் சொல்லப் பழக்குங்கள்.

டகரத்தை நாக்கை மடித்துச் சொல்வதைத் திருத்தாமல் விட்டுவிடலாம். அதனால் பொருள் குழம்பாது. வாரத்துக்கு ஓர் ஒலி போதும். மாணவர் வாசிக்கும்போது இடைமறிக்காமல் பிழைகளைக் குறித்துக்கொண்டு, முடித்தபின் இரண்டை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள். அதே பத்தியை வார இறுதியில் கைபேசியில் பதிவு செய்து, முந்தைய பதிவோடு அவரையே ஒப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.