உப்பு, தண்ணீர், கார்பன் டை ஆக்சைடு: பிணைப்பை வரைந்து பழகலாம்

ஒரு பென்சில், ஒரு தாள், தனிம வரிசை அட்டவணை. இவ்வளவு போதும். 1916இல் அமெரிக்க வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ் வெளியிட்ட புள்ளி முறையில்தான் வரையப் போகிறோம்: ஒரு புள்ளி என்றால் அணுவின் வெளிக்கூட்டில் உள்ள ஓர் எலக்ட்ரான்.

படி 1: வெளிக்கூட்டை எண்ணுங்கள்

உள்ளிருந்து வெளியே கூடு கூடாக உள்ள எலக்ட்ரான்கள் இவை: சோடியம் 2, 8, 1. குளோரின் 2, 8, 7. ஆக்சிஜன் 2, 6. கார்பன் 2, 4. ஹைட்ரஜனுக்கு 1 மட்டும். கடைசி எண் எவ்வளவோ, குறியீட்டைச் சுற்றி அத்தனை புள்ளி வையுங்கள்.

படி 2: சாப்பாட்டு உப்பு

சோடியத்தின் ஒற்றைப் புள்ளியை அழித்துக் குளோரின் பக்கம் வையுங்கள். சோடியம் நேர்மின் அயனி (மின்னூட்டம் பெற்ற அணு), குளோரின் எதிர்மின் அயனி (குளோரைடு) ஆகிவிடும்.

சோடியம் தன் எலக்ட்ரானைத் தானாகவே தூக்கிக் கொடுத்துவிடும் என்று பலர் மனப்பாடம் செய்கிறார்கள். அது சரியல்ல. வாயு நிலையில் உள்ள ஒரு மோல் (அணுக்களை எண்ணும் அலகு) சோடியம் அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கச் சுமார் 496 கிலோஜூல் செலவாகும். குளோரின் அணுக்கள் அதை வாங்கும்போது திரும்பக் கிடைப்பது 349தான். 147 கிலோஜூல் துண்டு விழுகிறது! அயனிகள் ஒன்றையொன்று ஈர்த்துப் படிகமாக அடுக்கும்போது வெளிப்படும் சுமார் 787 கிலோஜூல்தான் அதை ஈடுகட்டுகிறது. அயனிப் பிணைப்பு என்பது அந்த ஈர்ப்புதான். படிகத்தில் ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் 6 குளோரைடு அயனிகள் இருக்கும். ஆகவே உப்பைத் தனித்தனி ஜோடிகளாக நினைக்க வேண்டாம். உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் தேவைப்படுவதும் இந்த இறுக்கத்தால்தான்.

படி 3: தண்ணீர்

இங்கே யாரும் எலக்ட்ரானை முழுசாகக் கொடுப்பதில்லை, பங்கு போடுகிறார்கள்: சகப்பிணைப்பு. ஆக்சிஜனின் 6 புள்ளிகளில் நான்கை இரண்டு ஜோடிகளாக்கி, தனியாக நிற்கும் மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் ஹைட்ரஜன் புள்ளி ஒவ்வொன்றை வைத்து, ஜோடியைக் கோடாக மாற்றுங்கள். ஆக்சிஜனிடம் மிஞ்சும் இரண்டு ஜோடிகளை விட்டுவிடாதீர்கள். அவை பிணைப்புகளை ஒரு பக்கமாகத் தள்ளுவதால்தான் மூலக்கூறு வளைந்து, கோணம் 104.5 டிகிரி ஆகிறது.

படி 4: கார்பன் டை ஆக்சைடு

மொத்தப் புள்ளிகள் 4 + 6 + 6 = 16. முதலில் ஒற்றைக் கோடுகள் போட்டு, மீதி 12 புள்ளிகளை ஆக்சிஜன்களுக்குக் கொடுங்கள். கார்பனிடம் 4தான் இருக்கும், வெளிக்கூடு நிரம்ப 8 வேண்டுமே! ஒவ்வொரு ஆக்சிஜனிலிருந்தும் ஒரு ஜோடியை நடுவே நகர்த்துங்கள். இரட்டைப் பிணைப்பு இரண்டு கிடைக்கும். அப்புறம் மறுபடி எண்ணிப் பாருங்கள், 16 வர வேண்டும்.

அடுத்து நைட்ரஜன் மூலக்கூறை நீங்களே வரையுங்கள். மொத்தம் 10 புள்ளிகள். நடுவே மூன்று கோடு வரவில்லை என்றால், படி 4இல் செய்த ஜோடி நகர்த்தலை இன்னொரு முறை செய்து பாருங்கள்.