வோல்வோ 240 உதறினால் முதலில் கள்ளக் காற்றைத் தேடுங்கள்

என்னிடம் இருப்பது 1990ஆம் ஆண்டு வோல்வோ 240. ரொறன்ரோவில் பதினொரு பனிக்காலம் இந்தக் காரோடுதான் கழிந்தது. 1974 முதல் 1993 வரை செய்த மாடல் இது. 1989இலிருந்து இங்கே வந்த பெரும்பாலான கார்களில் பொஷ் எல்.எச். 2.4 என்ற பெற்றோல் இன்ஜெக்‌ஷன் இருக்கும். சிவப்பு விளக்கில் நிற்கும்போது ஸ்ரியரிங் உதறினால், ஓட்டோமற்றிக் கியரை 'டி'யில் போட்டதும் எஞ்சின் மூச்சு வாங்கினால், நான் தேடும் முறையைச் சொல்கிறேன்.

ஒரு வேண்டுகோள். சாமான் வாங்கப் போகும் முன் எங்கேயாவது கள்ளக் காற்று நுழைகிறதா என்று பாருங்கள். காற்று வடிகட்டிப் பெட்டியை ஒட்டி இருக்கும் மாஸ் மீற்றர், உள்ளே போகும் காற்றை அளந்து கம்பியூட்டருக்குச் சொல்கிறது. அந்தக் கணக்குக்குத்தான் இன்ஜெக்ரர்கள் பெற்றோல் விடுகின்றன. மீற்றரைத் தாண்டிய பிறகு ஒரு வெடிப்பால் காற்றுப் புகுந்தால் அது கணக்கில் வராது. பெற்றோல் போதாமல் எஞ்சின் மிஸ் அடிக்கும், அதாவது சரியாக எரியாமல் தடுமாறும்.

என் கார் உதறத் தொடங்கியபோது ஒரு கராஜில் மாஸ் மீற்றர் போய்விட்டது என்றார்கள். நிறையக் காசு கொடுத்து மாற்றினேன். உதறல் அப்படியே இருந்தது. கடைசியில் பிடிபட்டது, மீற்றருக்கும், எஞ்சினுக்குள் காற்றைத் திறந்துவிடும் திரொட்டிலுக்கும் நடுவே துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும் கறுப்பு றப்பர் குழாய். மேலே இருந்து பார்த்தால் புதிது மாதிரி இருந்தது. இரண்டு கிளிப்பையும் தளர்த்திக் கழற்றி, வெயிலில் பிடித்து ஒவ்வொரு மடிப்பாக வளைத்தபோதுதான் அடிப்பக்க மடிப்பில் அரை விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு வாய் திறந்தது. கையை விட்டால் மூடிக்கொண்டது.

'டி'யில் மட்டும் உதறியதற்குக் காரணமும் அப்போது விளங்கியது. மீற்றர் காரின் உடலோடு நிற்கிறது, திரொட்டில் எஞ்சினோடு அசைகிறது. கியர் விழுந்ததும் எஞ்சின் சற்றுச் சாய, குழாய் இழுபட்டு வெடிப்பு திறக்கிறது. நியூட்ரலில் எவ்வளவு நேரம் பார்த்தாலும் இது அகப்படாது. ஆகவே ஒருவரை உள்ளே இருத்தி, ஹாண்ட் பிறேக்கும் கால் பிறேக்கும் அழுத்தச் சொல்லி 'டி'யில் போட்டுப் பாருங்கள். நீங்கள் பக்கவாட்டில் நில்லுங்கள். காருக்கு முன்னால் நிற்கவே கூடாது.

குழாய் நல்லதென்றால் மற்ற வாசல்கள்: பிறேக் பூஸ்டர் குழாய், சிறு வக்கூம் குழாய்கள், இன்ஜெக்ரர் அடியில் உள்ள றப்பர் வளையங்கள், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மனிபோல்ட்டின் கஸ்கற். எஞ்சின் ஓடும்போது ஒயில் மூடியைத் திறந்து பாருங்கள், சத்தம் மாற வேண்டும். மாறாவிட்டால் வேறு வழியால் ஏற்கெனவே காற்று போகக்கூடும். சிறு போத்தலால் தண்ணீர் விசிறி, எங்கே விசிறும்போது எஞ்சின் சத்தம் மாறுகிறது என்று பார்த்து இடத்தைக் கண்டுபிடிக்கலாம். கார்பரேற்றர் கிளீனர் விசிறுகிறவர்கள் உண்டு. சூடான எஞ்சினில் தீப்பிடிக்கும் என்பதால் நான் அதைத் தொடுவதில்லை.

அப்புறம் மனிபோல்ட்டுக்கு அடியில், எஞ்சின் உள்ளே சேரும் வாயு வெளியேறும் வழியில் இருக்கும் பிளேம் ட்றப். சின்னப் பிளாஸ்ரிக் வலைதான், ஆனால் அடைத்தால் எஞ்சின் உள்ளே அமுக்கம் கூடி சீல்களால் ஒயில் வெளியே தள்ளும். திரொட்டிலையும், கார் நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தை (ஐடில்) பார்த்துக்கொள்ளும் ஐடில் வால்வையும் கழற்றிக் கழுவுங்கள். கறுப்புப் பிசின் படிந்திருந்தால் ஐடில் ஒருபோதும் நிதானமாக நிற்காது.

எல்.எச். 2.4 தன் குறையைத் தானே சொல்லும். பொனட்டைத் திறந்தால் இடப்பக்கத்தில் மூடியுள்ள சிறு கறுப்புப் பெட்டி இருக்கும். அதன் வயரை 2ஆம் துளையில் செருகி, சாவியை ஓன் பண்ணி, பொத்தானை ஒன்றிலிருந்து மூன்று செக்கனுக்குள் அழுத்தி விடுங்கள். லைற் மின்னும் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். 1-1-1 என்றால் குறை பதிவாகவில்லை. 1-2-1 மாஸ் மீற்றர் சிக்னல், 1-2-3 தண்ணீர்ச் சூட்டுச் சென்சர். 2-3-1 கலவை அளவு தப்பியிருப்பதைக் காட்டும், கள்ளக் காற்றாலும் அது வரும். அதைப் பார்த்ததும், புகையில் கலவையைப் பார்க்கும் ஒட்சிசன் சென்சரை மாற்ற ஓடாதீர்கள். 6ஆம் துளையில் இக்னிஷன் பகுதியைக் கேட்கலாம்.

மாஸ் மீற்றரில் சந்தேகம் இருந்தால் காசில்லாத சோதனை ஒன்று உண்டு. எஞ்சினை நிறுத்தி, மீற்றரின் பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்ரார்ட் பண்ணுங்கள். கம்பியூட்டர் உத்தேச அளவில் ஓட்டும். முன்பைவிட நன்றாக ஓடினால் பெரும்பாலும் மீற்றரில்தான் பிழை. அந்தக் கராஜில் இதைச் செய்திருந்தால் என் காசு மிஞ்சியிருக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரே சிலிண்டர் மட்டும் மிஸ் அடிப்பது போலிருந்தால், இன்ஜெக்ரர் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். எதைக் கழற்றும்போது சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டரில் ஸ்பார்க் பிளக், அதன் வயர், இன்ஜெக்ரர் மூன்றையும் பாருங்கள். ஸ்பார்க் பிளக் வயர்களைக் கழற்றியிருந்தால் டிஸ்ரிபியூற்றரில் சிலிண்டர் 1-3-4-2 என்ற வரிசையில் மாட்ட வேண்டும்.

பெற்றோல் பக்கம் கடைசி. பெற்றோல் அமுக்கத்தைச் சீராக வைக்கும் பிறெஷர் றெகுலேற்றரின் வக்கூம் குழாயைக் கழற்றி மணந்து பாருங்கள். பெற்றோல் மணந்தால் உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது. பெற்றோல் தாங்கி பாதிக்குக் கீழே இறங்கும்போது மட்டும் உதறி, காரின் அடியில் பெரிய பம்ப் இரைந்தால், தாங்கிக்குள் இருக்கும் சின்னப் பம்ப் நின்றிருக்கலாம்.

எதைத் திருத்தினாலும் பதிவான பழைய குறை எண்களை அழித்துவிட்டு இரண்டு மூன்று நாள் ஓடி, திரும்பவும் 2ஆம் துளையில் செருகிப் பாருங்கள். எனக்கு மூன்றாம் நாள் காலை 1-1-1 மின்னியது.