பழைய கட்டடத்துச் சிறிய அரங்கில் நாடகம் பார்க்கப் போகிறவர்களுக்கு

டிக்கெட் வாங்கும்போதே கவனம் வேண்டும். விலை கூடிய இருக்கைதான் நல்ல இருக்கை என்று நம்பிவிடாதீர்கள். பழைய அரங்குகள் பலவும் குதிரை லாட வடிவில் கட்டப்பட்டவை. பக்கவாட்டு மாடங்களில் உட்கார்ந்தால் மேடையில் ஒரு பகுதி கண்ணில் படாது. அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் ஊரார் கண்ணில் படுவதற்காகவே அங்கே அமர்ந்தார்கள். என் தேர்வு எப்போதும் முதல் மாடியின் நடுப்பகுதி. மேடைக்கு ஒட்டிய முதல் வரிசையில் கழுத்து வலிக்கும். முன்பதிவின்போது, தூண் மறைக்குமா என்று தயங்காமல் கேளுங்கள்.

படிகளைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். பழமைக்காகச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் நினைத்தபடி சுவரை உடைத்து லிஃப்ட் வைக்க முடியாது. முழங்கால் வலி உள்ளவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. கால் நீட்ட இடம் குறைவு என்பதால் பெரிய பை வேண்டாம்.

நாடகம் தொடங்க முக்கால் மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். இதை வற்புறுத்தியே சொல்கிறேன். விளக்கு அணைந்த பிறகு உள்ளே நுழைபவர் பாதி அரங்கை இழந்துவிடுகிறார். விதானத்தைப் பாருங்கள். மேடைத் தளம் பின்னால் போகப் போக உயர்கிறதா என்று பாருங்கள். பின்னால் நிற்கும் நடிகரும் தெரிவதற்காகச் செய்த சரிவு அது. இத்தாலியின் விசென்ஸா நகரில், கட்டடக் கலைஞர் பல்லாடியோ வடிவமைத்து 1585-இல் திறக்கப்பட்ட ஒலிம்பிகோ அரங்கின் மேடையில் பண்டைய கிரேக்கத்தின் தீப்ஸ் நகரத் தெருக்கள் நீண்டு கிடக்கின்றன. உண்மையில் அவை மரமும் சாந்தும் கொண்டு செய்த குறுகிய சந்துகள். உள்ளே போகப் போக வீடுகள் சிறுத்துக்கொண்டே போவதால், நடிகர் ஒருவர் அதன் கோடிக்கு நடந்து போனால் கூரையை முட்டும் பூதம் போலத் தெரிவார்!

பகலில் அரங்கைச் சுற்றிக் காட்டுகிறார்கள் என்றால், நாடகத்துக்கு முன்பே அதைப் பார்த்துவிடுங்கள். சுவீடனின் டிராட்னிங்ஹோம் அரண்மனை அரங்கில் 1766-ஆம் ஆண்டின் மர இயந்திரங்கள் இன்றும் கையால் இயங்குகின்றன. கயிறும் உருளையும் சேர்ந்து கண்முன்னே காட்சியை மாற்றிவிடும். அதே ஆண்டு திறக்கப்பட்ட, இங்கிலாந்தின் பிரிஸ்டல் ஓல்ட் விக் அரங்கின் கூரைக்குள் மரக் கால்வாய் ஒன்று இருக்கிறது. அதில் இரும்புக் குண்டுகளை உருட்டித்தான் இடியோசை எழுப்பினார்கள். இவற்றைத் தெரிந்துகொண்டு உட்கார்ந்தால், காட்சி மாறும்போது நம் காதும் கண்ணும் வேறு விதமாக விழித்துக்கொள்கின்றன.

சிறிய அரங்கில் நடிகரின் மூச்சு நமக்குக் கேட்கும். நம் கிசுகிசுப்பும் அவருக்குக் கேட்கும். கைபேசியை முழுவதும் அணைத்துவிடுங்கள். மிட்டாய்க் காகிதத்தைக் கசக்காதீர்கள். கழிப்பறைகள் குறைவாகவே இருக்கும் என்பதால் இடைவேளையை நம்ப வேண்டாம்.

வாசலில் பராமரிப்பு நிதிக்கென்று உண்டியல் இருந்தால் முடிந்ததைப் போடுங்கள். சில வரிசை இருக்கைகளே உள்ள அரங்கில், டிக்கெட் வருமானத்தை மட்டும் கொண்டு பழைய கூரையைச் செப்பனிடுவது மிகவும் கடினம்.