பி.டி. தெளிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்ணில் தானாக வாழும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாவைத்தான் கடையில் பி.டி. என்று புழு மருந்தாக, தூளாகவும் திரவமாகவும் விற்கிறார்கள். வள்ளியூர், களக்காடு பக்கம் இயற்கை விவசாயத்தில் புதிதாக இறங்குகிறவர்கள், நாங்கள் அந்தக் காலத்தில் செய்த தவறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். உச்சி வெயிலில் அடிக்கக் கூடாது என்பதெல்லாம் பாக்கெட்டிலேயே இருக்கிறது; அதை விட்டுவிடுகிறேன்.

மறுநாள் காலையில் தீர்ப்புச் சொல்வது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான் வருகிறது. வெண்டைக்குச் சாயங்காலம் பி.டி. அடித்த ஒரு தம்பி, விடிந்ததும் போனில் கூப்பிட்டான். “அண்ணாச்சி, மருந்து போலி. புழு அப்படியே இருக்கிறது.” நான் போய்ச் சேருவதற்குள் கடைக்காரர் கொடுத்த ரசாயனத்தை டேங்கில் கலக்கிக்கொண்டிருந்தான்.

இலையைத் திருப்பிக் காட்டினேன். புழு இருந்தது. ஆனால் கடித்த ஓரமெல்லாம் காய்ந்து பழுப்பேறியிருந்தது; புதுக் கடி ஒன்றுகூட இல்லை. கீழ் இலையில் ஈரமான பச்சை எச்சம் இல்லை. குச்சியால் தொட்டால் சோம்பலாக நெளிந்தது, அவ்வளவுதான்.

பி.டி. தொட்டவுடன் கொல்லும் நஞ்சு அல்ல. புழு அதைத் தின்ன வேண்டும். பாக்டீரியாவிலுள்ள புரதப் படிகம் புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் கரைந்து, குடல் சுவரை ஓட்டையாக்குகிறது. சில மணி நேரத்தில் தீனி நின்றுவிடும். உயிர் போக இரண்டு மூன்று நாள் ஆகும். தின்னாத புழுவால் உங்களுக்கு என்ன நஷ்டம்?

சொல்லியும் கேட்கவில்லை, அடித்துவிட்டான். புழு செத்த பெருமை ரசாயனத்துக்குப் போனது. கூடவே, பூச்சிகளை அடக்கிவைக்கும் பொறிவண்டும் ஒட்டுண்ணிக் குளவிகளும் செத்தன. பிறகு வெள்ளை ஈ பெருகியது, அது பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமல் நோயும் வந்தது. அதற்கு மருந்தே கிடையாது. பாதி வயலைப் பிடுங்கிப் போட்டான். புழுவை எண்ணாதீர்கள் தம்பிகளா, எச்சத்தைப் பாருங்கள்.

வெள்ளை ஈக்கும் அசுவினிக்கும் அடிப்பது

காசுக்குக் கேடு. அவை சாறு உறிஞ்சுபவை, இலையைத் தின்பவை அல்ல.

புழு உள்ளே போன பிறகு அடிப்பது

கத்தரித் தண்டுக்குள் துளைத்துப் போனது, நீங்கள் அடித்ததைத் தின்ன வெளியே வராது. முட்டை பொரிந்து சின்னப் புழுவாகத் திரியும்போதே அடிக்க வேண்டும். வளர்ந்த புழு எளிதில் மடியாது.

எந்தத் தண்ணீரானாலும் சரி என்பது

தாமிரபரணி வாய்க்கால் பாயும் ஊர்களில் பெரும்பாலும் கவலையில்லை. போர்வெல்லை நம்பியிருப்பவர்கள் கார அமில நிலையை (pH) பாருங்கள். 8-க்கு மேல் என்றால், குடலில் கரைய வேண்டியது டேங்கிலேயே கெடத் தொடங்கும்.

லேபிளைப் படிக்காமல் வாங்குவது

பி.டி.யில் வகைகள் உண்டு. இலைப்புழுவுக்குக் குர்ஸ்டாகி வகை. இஸ்ரேலென்சிஸ் கொசுப் புழுவுக்கானது.

டேங்கில் கலக்கியதில் மீதியை மறுநாளுக்கு வைப்பது

வேண்டாம்.

மல்பெரித் தோட்டம் பக்கத்தில் இருப்பதை மறப்பது

1901-இல் ஜப்பானில் இஷிவாத்தா இந்த பாக்டீரியாவை முதலில் கண்டதே நோயில் மடிந்த பட்டுப்புழுக்களிடம்தான். அடிக்கும் முன் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பாருங்கள். பட்டுப்புழு வளர்க்கும் பக்கத்து வயல்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.